கோடாரிக்கு லேயர் கிடையாது

அரிய செடிகளைக் காப்பாற்ற இனிமேல் யாரும் மலையேற வேண்டியதில்லை. அட்டைக்குப் பயந்து காலில் மூக்குப்பொடியும் வேப்பெண்ணெயும் பூசிக்கொள்ள வேண்டாம். அனுமதிக் கடிதத்துக்காக வனத்துறை அலுவலக வராந்தாவில் தவம் கிடக்க வேண்டாம். ஏசி அறை, லேப்டாப், அறுந்துபோகாத இணையம், இவ்வளவு இருந்தால் போதும். ஒரு செடி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, 2070இல் எந்த மலைக்குக் குடிபெயரும் என்பதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத பூக்கும் தாவரங்கள் 1,200க்கும் மேல். ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டால் 1,200 முனைவர் பட்டம். செடி பிழைக்கிறதோ இல்லையோ, பல்கலைக்கழகம் பிழைக்கும்.

செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பதிவான உயிரினங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்தில் செடியின் லத்தீன் பெயரைத் தட்டினால், அது பார்க்கப்பட்ட இடங்கள் புள்ளி புள்ளியாகக் கிடைக்கும். அரிய செடி என்பதால் ஏழெட்டுக்கு மேல் தேறாது, பரவாயில்லை. அடுத்து, வேர்ல்டுகிளிம் தளத்திலிருந்து வெப்பமும் மழையும் பற்றிய 19 அடுக்குகளை, தொழில்காரர்கள் பாஷையில் 19 லேயர்களை, இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது மேக்ஸென்ட். ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷாபைர் என்ற மூவர் 2006இல் வெளியிட்ட முறை, மென்பொருள் இலவசம். புள்ளியையும் லேயரையும் உள்ளே போட்டு ரன் பொத்தானை அழுத்தினால், செடி பார்க்கப்பட்ட இடத்தின் தட்பவெப்பம் வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வரைபடத்துக்குச் சாயம் பூசித் தரும். சிவப்பு என்றால் செடிக்குத் தோதான இடம், நீலம் என்றால் ஆகாத இடம். எட்டுப் புள்ளிகளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி 19 கேள்விக்கும் பதில் வாங்கியாகிவிட்டது.

அந்தச் சாட்சிகளின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். ராபர்ட் வைட், பெட்டோம் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் நம் மலைகளில் சேகரித்த மாதிரிகளின் சீட்டில் பல நேரம் ஒரே சொல்தான் இருக்கும்: குற்றாலம், நீலகிரி, பழனி மலை. அட்சரேகை, தீர்க்கரேகை எழுதும் வழக்கம் அன்று இல்லை. இன்று கணினிக்கு அது இல்லாமல் முடியாது. ஆகவே குற்றாலம் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தப் பேரூராட்சியின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிடுகிறார்கள். அருவிக்கு மேலே அடர்காட்டு ஓடையோரம் வைட் பறித்த செடி, இப்போது எண்ணெய் மசாஜ் போடும் இடத்துக்கும் சிப்ஸ் கடைக்கும் நடுவே முளைத்து நிற்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போன பதிவுகள் உண்டு. அந்தக் கணக்கில் அகத்தியமலைச் செடி ஆர்க்டிக் கடலில் மிதக்கும். இரண்டும் விடுபட்டுப் பூஜ்யமானால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் முளைக்கும். மாதிரி வைத்திருக்கும் அலமாரியின் முகவரியே செடியின் முகவரியாகப் பதிவாவதும் உண்டு. இவற்றைச் சலித்தெடுக்க மென்பொருளே வந்துவிட்டது. சலிக்கிறவர்கள் சலிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் கட்டுரை சமர்ப்பிக்கும் கடைசி நாள்.

இனி லேயரைப் பாருங்கள். வேர்ல்டுகிளிம் தரும் மிக நுணுக்கமான கட்டமே ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். ராஜஸ்தானுக்கு அது போதும். மாஞ்சோலைக்கு? தமிழ்நாட்டு மழைச் செய்தியில் முதல் பெயராக வரும் நாலுமுக்கும் ஊத்தும் இருப்பது அந்த மலையில்தான். அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாளில் கீழே திருநெல்வேலிக்காரர் குடையைத் தேடக்கூட மாட்டார். மழைமானி இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் மலையின் மழையைக் கணக்குப் போட்டு இட்டு நிரப்பியதுதான் இந்த லேயர். ஒரு கட்டத்துக்குள் ஒரு முகடு, ஒரு பள்ளம், ஓடை, எஸ்டேட் லயன் வீடு எல்லாம் அடக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே வெப்பம், ஒரே மழை. நம் மலையின் காசித்தும்பை இனங்கள் சில வாழும் இடத்தின் மொத்த அளவு தண்ணீர் கசியும் ஒரு பாறைமுகம். ஒரு முழம் தள்ளி வெயில் பட்டால் செடி இல்லை. அந்தப் பாறையைத்தான் ஒரு சதுர கிலோமீட்டர் சல்லடையை வைத்துத் தேடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பரீட்சையில் மார்க் மட்டும் குறைவதேயில்லை. ஏயுசி என்று ஒரு மதிப்பெண், 0.5 என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதற்குச் சமம், 1 என்றால் அப்பழுக்கில்லை. அரிய செடிகளுக்கு 0.95ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். சூட்சுமம் இதுதான்: அகத்தியமலை உச்சியில் மட்டும் வளரும் செடியைக் கொடுத்து, பின்னணியாக இந்தியா முழுவதையும் விரித்துவைத்தால், தார் பாலைவனத்தில் இது வளராது, ராமநாதபுரத்து உப்பளத்தில் வளராது என்று மாடல் கரெக்டாகச் சொல்லிவிடும். அதற்குத்தான் அந்த மார்க். செடி எவ்வளவுக்கு எவ்வளவு குறுகிய இடத்தில் வாழ்கிறதோ, மார்க் அவ்வளவுக்கு அவ்வளவு ஏறும். இந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள் என்று ஹோர்ஹே லோபோவும் கூட்டாளிகளும் 2008லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியில் 0.98 என்று மார்தட்டுகிற துணிச்சல் நம் அறிவுலகத்துக்கு உண்டு.

லேயரில் என்ன இல்லை என்று தெரிய வேண்டுமானால் ஒரு புல்லின் கதையைக் கேட்க வேண்டும். கர்நாடகத்தின் ஜோக் அருவியில், 1919இல், செட்ஜ்விக், பெல் என்ற இருவர் சாரலில் நனைந்த பாறையிலிருந்து ஒரு புல்லைச் சேகரித்தார்கள். பின்னாளில் நார்மன் போர் அதற்கு ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்று பெயரிட்டார். 253 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் சிதறிப் புகையாக எழும்பிப் பாறையை ஓயாமல் நனைக்குமே, அந்த ஈரம்தான் அதற்கு வீடு. 1964இல் அந்த அருவிக்கு நீர் தரும் சராவதி ஆற்றின் குறுக்கே லிங்கனமக்கி அணை எழுந்தது. மின்சாரம் வந்தது, சாரல் போயிற்று. புல்லை அதன் பிறகு அங்கே யாரும் பார்க்கவில்லை. அழிந்துபோனவற்றின் பட்டியலில் ஏற்றினார்கள். இப்போது 19 லேயரிலும் தேடுங்கள். அணைக்கு முன்னும் அதே மழை, பின்னும் அதே மழை. வெப்பத்தில் மாற்றமில்லை. செடியைக் கொன்ற பிறகும் ஜோக் அருவிக்கு மாடல் பூசும் நிறம் சிவப்பாகத்தான் இருக்கும். வாழத் தகுந்த இடம், வாழ ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் புல் மறுபடி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் தில்லாரி மலைச்சரிவில், கோலாப்பூர் தாவரவியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஈரப் பாறையைத் தேடிப் போனவர்களின் கண்ணில் பட்டது. கண் என்பது இன்னும் எந்தப் பதிப்பிலும் சேர்க்கப்படாத ஒரு மென்பொருள்.

மழைக்கு லேயர் உண்டு, வெயிலுக்கு உண்டு, மண்ணுக்கும் சரிவுக்கும்கூட உண்டு. கோடாரிக்குக் கிடையாது. அணைக்கு, சொகுசு விடுதிக்கு, பாறையைக் குடைந்து போடும் சாலைக்கு, பட்டாவை மாற்றி எழுதும் பேனாவுக்குக் கிடையாது. நிலப்பயன்பாட்டு லேயர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அவசரத்தில் தயாரித்ததில் சோலையும் பச்சை, தேயிலையும் பச்சை, நீலகிரிக்காரர்கள் சீகை என்றும் கற்பூர மரம் என்றும் சொல்லும் அந்நிய மரத் தோப்பும் பச்சை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் 1973க்கும் 2017க்கும் இடையே ஏறக்குறைய 340 சதுர கிலோமீட்டர் பறிபோனதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புல்வெளியைத் தரிசு என்று எழுதி அதில் சீகை நட்டது யாரோ கள்ளக்கடத்தல் கும்பல் இல்லை. காட்டைக் காக்கச் சம்பளம் வாங்கும் துறைதான். இப்போது அதே மரத்தைப் பிடுங்க நிதி ஒதுக்குகிறோம். நட்டதற்கும் ஒரு திட்டம், பிடுங்குவதற்கும் ஒரு திட்டம், நடுவில் செத்த செடிக்கு மட்டும் ஒரு மாடல்.

வடிவேலு காவல் நிலையத்துக்குப் போய், என் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்தாரே, அவரிடமாவது வெட்டியதற்கு ரசீது இருந்தது. நம் வரைபடங்களின் கதியும் அதுதான். ரசீது பக்காவாக இருக்கிறது. சிவப்பு வண்ணத்தில், வடக்கு நோக்கிய அம்புக்குறியோடு, அளவுகோலோடு இருக்கிறது. மலைக்குப் போய்ப் பார்த்தால் கிணறு இல்லை. அங்கே காணிப் பழங்குடிக்காரர் ஒருவர் நிற்கிறார். இந்தச் செடி இங்கே எங்கே இருக்கிறது என்று படத்தைக் காட்டிக் கேட்டால், "அது கெடந்த எடத்துல தான சார் நீங்க இப்போ ஜீப்ப நிப்பாட்டிருக்கீங்க" என்கிறார்.

மாடலைக் கண்டுபிடித்தவர்கள் மேல் பழி போடவில்லை. அவர்கள் எழுதியதில் தெளிவாக இருக்கிறது: இது தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தரும் கருவி. மேக்ஸென்ட் வருவதற்கு முன்பே, மடகாஸ்கரில் ராக்ஸ்வொர்த்தியும் குழுவினரும் இதேபோன்ற வேறொரு முறையில் பச்சோந்திகளின் பரவலை வரைந்தார்கள். மாடல் சிவப்புக் காட்டியும் எதிர்பார்த்த பச்சோந்தி பதிவாகாத இடங்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அறிவியலுக்கே அதுவரை தெரியாத ஏழு இனங்கள் கிடைத்தன. 2003இல் அதை எழுதினார்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையின் எரிஞ்சியம் என்ற அரிய செடிக்கு இதேபோல் மாடல் போட்டு, அது காட்டிய திசையில் நடந்து, தெரியாத இடங்களில் செடியைக் கண்டார்கள். எட்டுப் புள்ளி இருந்தாலும் சரி, ஐந்து இருந்தாலும் சரி, பிறகு நடக்கிறவர் கையில் அது உபயோகமான பொருள். போய்ப் பார் என்று சொல்வதற்காகச் செய்த கருவியை, போக வேண்டாம் என்பதற்கு அத்தாட்சியாக மாற்றிய பெருமை நம்முடையது.

பல்கலைக்கழகத்தில் இது சோம்பல். அதோடு போனால் திட்டிவிட்டு விட்டுவிடலாம். திட்ட அலுவலகத்துக்கு வந்தால் இதுவே கத்தி. ஒரு மலையில் சுரங்கமோ நீர்மின் நிலையமோ வர வேண்டுமானால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதை எழுதும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது யார்? மலையை வெட்டப்போகிறவர். பரிசோதிக்கப்படுகிறவரே பரிசோதகருக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நம் அரசு சட்டபூர்வமாகவே வைத்திருக்கிறது. பல திட்டங்களுக்கு ஒரே ஒரு பருவத்துத் தரவு போதும்; அதுவும் மழைக்காலம் நீங்கலாக. மேற்குத் தொடர்ச்சி மலையில்! மழை விழுந்தால் முளைத்து, பூத்து, காய்த்து, மழை நின்றால் மண்ணுக்குள் போய்விடும் காசித்தும்பைகளையும் தரை ஆர்க்கிட்களையும் மார்ச் மாத வெயிலில் தேடிவிட்டு, ஆய்வுப் பகுதியில் அரிய தாவரங்கள் எவையும் காணப்படவில்லை என்று எழுதுகிறார்கள். காணப்படவில்லை என்பது பொய்யும் இல்லை. ஒளிந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தேடச் சொல்லியிருக்கிறது விதி.

இந்த அறிக்கைக்கு மாடல் ஒரு வரப்பிரசாதம். திட்டப் பகுதி நீலமாக வந்தால், செடி இல்லை, வெட்டலாம். சிவப்பாக வந்தால், பக்கத்து மலையும் சிவப்பாகத்தானே இருக்கிறது, அங்கே இருக்கும், வெட்டலாம். இரண்டிலும் செடி தோற்கும்படி கேள்வியை அமைத்த கெட்டிக்காரர்களுக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். அப்படியும் யாராவது வாயைத் திறந்தால், இடம் மாற்றி நட்டுவிடுகிறோம் என்பார்கள். பாறையின் கசிவையும் அந்தப் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சியையும் எந்த லாரியில் ஏற்றுவார்கள் என்று கேட்காதீர்கள். கிரேட் நிக்கோபாரில் ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுகிறோம் என்று சொன்ன நாடு இது. நிக்கோபாரின் மரப்பெரணி ஹரியானாவில் வளருமா என்று தெரிந்துகொள்ள 19 லேயர் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு புவியியல் போதும். அந்த மாடலை மட்டும் யாரும் ரன் பண்ணவில்லை.

வரைபடம் என்றால் அரசுக்குக் கொள்ளை ஆசை. அதைக் கடைப்பிடிக்க வேண்டாத வரைக்கும். சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ஒன்பதுக்கு ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு உயிர்வளம் மிக்கது என்று தரம் பிரித்து 2011இல் அறிக்கை கொடுத்தது. மாதக்கணக்கில் பூட்டிவைத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் இழுத்த பிறகுதான் வெளியே விட்டார்கள். பிறகு கஸ்தூரிரங்கன் குழு வந்து, கட்டத்தை நுணுக்கி, பரப்பைச் சுருக்கி, காக்க வேண்டியது சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் என்று 2013இல் கணக்குச் சொன்னது. அதையொட்டி 2014இலிருந்து வரைவு அறிவிக்கை வருகிறது. ஆறாவது வரைவு வந்த தேதி 2024 ஜூலை 31. அதற்கு முந்தைய நாள் விடியலில்தான் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு சேற்றில் புதைந்தன. பத்து வருஷத்தில் ஆறு வரைவு போட்ட அரசுக்குச் செடியின் பரவலை மாடல் போடத் தெரியும், மழையை மாடல் போடத் தெரியும், சரிவை மாடல் போடத் தெரியும்; கையெழுத்துப் போடத்தான் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. அகத்தியமலையில் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்று மஞ்சள் பூப் பூக்கும் ஓர் ஆர்க்கிட். 1865இல் கர்னல் ட்ரூரி கண்டது. அப்புறம் நூறு வருஷம் யார் கண்ணிலும் படாமல், 1972இல் மீண்டும் கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் வியாபாரிகள் மலையேறினார்கள். மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப்போய், இருந்த கூட்டத்தைத் துடைத்தெடுத்தார்கள். ஆக, செடி இருக்கும் இடத்துக்குத் துல்லியமான வரைபடம் கிடைத்தால் தவறாமல் நடந்துபோகிற ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அது கொள்ளைக் கூட்டம். காப்பாற்றுகிற கூட்டத்துக்குத்தான் காலில் வலி.

வரைபடம் இல்லாமலே இடம் தெரிந்தவர்கள் காணிகள். 1987இல் அகத்தியமலையில் ஆராய்ச்சியாளர்கள் களைத்து நின்றபோது, கூட வந்த காணிகள் ஒரு செடியின் காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்து வந்தது, உரிமத் தொகையில் காணிகளுக்குப் பாதி என்று உலகமே மெச்சிய ஒப்பந்தமும் வந்தது. வழக்கமான கட்டுரையில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: களப்பணியில் உதவிய உள்ளூர் வழிகாட்டிகளுக்கு நன்றி. பெயர்கூடக் கிடையாது. செடிக்கு இரண்டு சொல்லில் லத்தீன் பெயர், அதைக் காட்டியவருக்கு வழிகாட்டி என்ற பொதுப்பெயர். அதே மனிதர் வன உரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு மனு கொடுத்தால், நீ இங்கே வாழ்ந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்போம். எட்டுப் புள்ளி இருந்தால் செடி இந்த மலையில் வாழ்கிறது என்று ஒப்புக்கொள்கிற அரசு, தலைமுறை தலைமுறையாக இருக்கும் மனிதனுக்குக் காகிதம் கேட்கிறது.

தேவை ஒரே ஒரு விதி. அரிய செடி பற்றிய எந்த வரைபடமானாலும், அதன் கீழே மூன்று வரி அச்சாக வேண்டும்: எந்த மாதம் போனீர்கள், யார் போனார்கள், கூட வந்த ஊர்க்காரர் பெயர் என்ன. போகவில்லை என்றால், போகவில்லை என்று அதே பெரிய எழுத்தில் போடுங்கள். அது அறிவியலுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. ஒரு கருவி எங்கே தேடலாம் என்று சொன்னது, இன்னும் தேடவில்லை, அவ்வளவுதான். போகாமலே இல்லை என்று எழுதி, அந்த எழுத்தை நம்பி ஒரு மலை வெட்டப்பட்டால், அதற்குப் பெயர் மாடல் பிழை இல்லை, பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சிக்கு நம் சட்டத்தில் ஜெயில் உண்டு.

அரசு இந்த விதியைக் கொண்டுவராது. ஆகவே நாமே கொண்டுவருவோம். அடுத்த முறை உங்கள் ஊர் மலைக்காகக் கலெக்டர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஆலோசகர் திரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் போடுவார். ஏயுசி எவ்வளவு, எத்தனை லேயர் என்று கேட்டு அவரைக் குஷிப்படுத்தாதீர்கள். ஐப்பசி மழையில் இந்த மலைக்கு எத்தனை நாள் வந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை யாரையும் அடுத்த பக்கத்துக்குப் போக விடாதீர்கள்.